பன்னிரண்டு மணி நேர இருட்டு

கல்முனை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்,
பாமசிக்கு மேலே, இரண்டாம் மாடி.
மனநலப் பிரிவின் காத்திருப்பு அறைக்கு
உயிருள்ள வெளிச்சம் வைத்துத் தருகிறேன் என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.

அறிக்கையில் எழுதியிருந்தேன்:
மனிதருக்கு இயற்கை மீது பிறவிக் காதல்.
நகரம் அதை மறக்கடித்துவிட்டது.
சுவருக்குள் அதைத் திரும்பக் கொண்டுவருவோம்.
(எழுதியபோது கொழும்பில் மழை.
ஏசிக்குள், ஜன்னலைச் சாத்திவிட்டு, இருந்தேன்.)

ஒன்பது கண்ணாடிக் குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் ஏழு லீற்றர் கடல்.
நிலவில்லா இரவில் முகத்துவாரத்தில்
வலை இழுப்பவர்களின் முழங்கையில்
நீலமாய் ஒட்டி வழியுமே, அது.
ஒரே ஒரு செல். கண்ணுக்குப் பிடிபடாது.
வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில் பெருக்கி
இரவோடிரவாக மோட்டார் சைக்கிளில்
கோகுலராஜ் கொண்டுவந்தான்.
"பள்ளத்துல விழுந்த நேரமெல்லாம் அக்கா
பெட்டிக்குள்ள மின்னல்."

அவற்றுக்குப் பன்னிரண்டு மணி வெளிச்சம் வேண்டும்,
பன்னிரண்டு மணி இருட்டு வேண்டும்.
கிளினிக்கோ பகலில்.
ஆகவே இரவெல்லாம் விளக்கெரித்து
பகலில் தடித்த திரை இழுத்து
அவற்றின் இராவை எங்கள் பகலுக்கு மாற்றினோம்.
யாரிடமும் கேட்கவில்லை.

வெளியே வெயில். "அக்கரைப்பத்து, பொத்துவில்" என்று
கொண்டக்டர் கத்துகிறார்.
உள்ளே, தட்டினால் நீலம்.
பாண்டிருப்புக்காரர் ஒருவர் ஒருதரம் தட்டிவிட்டு
மருந்து தராத தூக்கம் தூங்கினார்.
குறித்துக்கொண்டேன்.
பிள்ளைகள் தட்டித் தட்டிப் பதினொரு மணிக்குள்
எல்லாக் குழாயும் களைத்துப் போயின.
அறிவிப்பு ஒட்டினேன்:
ஒருவர் ஒருமுறை மட்டும்.

ஹிதாயா செவ்வாய்க்கிழமைகளில் வருவா.
மருதமுனை. வயது ஐம்பத்தொன்று.
முதல் நாளே கதிரையைத் திருப்பிப் போட்டு
சுவருக்கு முதுகு காட்டி இருந்தா.
"இதுக்குள்ள இரிக்கிறது கடல் தண்ணியா புள்ள?"
ஓம் என்றேன், பெருமையாக.
"அது ஒருக்கா எங்கட ஊட்டுக்குள்ள வந்தது."
பிறகு டோக்கனைப் பார்த்தா. முப்பத்திநாலு.

எனது படிவத்தில்
கடலுக்கு முதுகு காட்டுபவருக்கு
நிரல் இல்லை.

நான்காம் செவ்வாய் கேட்டா, திரும்பாமலே:
"தட்டினா ஏன் எரியிது?"
தின்ன வருகிறார்கள் என்று நினைத்து, என்றேன்.
தன்னைத் தின்ன வந்ததை
அதைவிடப் பெரிய ஒன்றுக்குக் காட்டிக்கொடுக்க.
மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.
"அப்ப நீங்க பயத்தையா
வடிவா இரிக்கி, பாருங்க எண்டு சொல்றீங்க?"

மே மாதம் டைமர் பழுதானது.
மூன்று நாள் விளக்கு அணையவேயில்லை.
செவ்வாய் காலை தட்டினேன். ஒன்றுமில்லை.
அடுத்ததைத் தட்டினேன். அதற்கடுத்ததை.
போனில் கோகுலராஜ்:
"சாகல்ல அக்கா. நித்திரை இல்ல, அவ்வளவுதான்.
திரையை மூடுங்க. தொடாம விடுங்க."
பழைய அறிவிப்பைக் கிழித்துவிட்டு எழுதினேன்:
இன்று ஒன்றும் தெரியாது.

ஹிதாயா அதை வாசித்தா.
கதிரையை இழுக்கவில்லை, தூக்கினா.
சுவரைப் பார்க்க வைத்தா.
இலக்கம் கூப்பிடும் வரைக்கும்
அந்த இருட்டுத் தண்ணீருக்கு முன்னால்,
கைப்பையை மடியில் வைத்தபடி,
ஒன்றும் காட்டாத ஒன்றோடு
ஒன்றும் கேட்காமல் இருந்தா.

அடுத்த கிழமை எழும்பும்போது
கைப்பையின் கொளுக்கி குழாயில் உரசி
ஒரு நீலக் கோடு ஓடி அணைந்தது.
"மன்னிச்சிரு" என்றா.
என்னைப் பார்த்து அல்ல.
டொக்டரிடம் போகும் வழியில்
திரையின் ஓரத்தை,
வெயில் நுழையாமல்,
இழுத்துவிட்டுப் போனா.